பிடுங்கிய ஒயர்

1971 ஜனவரி, சனிக்கிழமை

தாம்பரத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் அறிவியல் கண்காட்சிக்கு இன்று நான்தான் நடுவர். குழுவுக்கு நான்கு பேர். ஒரு குழுப் பையன்கள் செய்த ரயில்வே கேட் பிரமாதம். பொம்மை ரயில் வந்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. தலைவன் இங்கிலீஷில் ஒப்பித்தான். மற்ற மூவரும் கைகட்டி நின்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டு, "இப்ப நாலு பேரும் சேர்ந்து எரிய வைங்க" என்றேன்.

"எங்கப்பாதான் மிஸ் மாட்டினாரு" என்றான் தலைவன்.

பக்கத்து மேஜைப் பெண்கள் நால்வரும் வந்தார்கள். தொட்டி நிரம்பினால் மணி அடிப்பது அவர்களுடைய மாடல். காலையிலிருந்து அடித்துப் பார்த்தே பேட்டரி தீர்ந்துபோய் ஊமையாகக் கிடந்தது. "அங்க இல்லடி, இங்க" என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டே இரண்டு நிமிடத்தில் பையன்களின் விளக்கை எரிய வைத்துவிட்டார்கள்.

அவர்களுக்கே முதல் பரிசு என்று எழுதினேன். ஹெட்மாஸ்டர் முகம் சுளித்தார். "என்னம்மா, அடிக்காத மணிக்கா ஃபர்ஸ்ட் பிரைஸ்?"

"ரயில்வே கேட்டுக்குக் கொடுத்தா, அந்தப் பையனோட அப்பாவைத்தான் சார் மேடைக்குக் கூப்பிடணும்."

அவர் பட்டியலை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நாளைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் வராமல் இருந்திருந்தால், பிடுங்கிய ஒயரை எங்கே மாட்டுவதென்று எனக்கும் தெரிந்திருக்காது.