கணிப்பொறியைக் கழுவித் துடைத்த மாப்பிள்ளை

திரு வளர்க. கழிமுகமெங்கும் கலம் நிறைக. பவளக்கழி நாட்டைக் கோல் கோடாது புரந்தருளும் நெடுந்திரைக் கோமான் திருவாய் மலர்ந்தபடி, அவர்தம் அமைச்சன், துணிக்கடைத் தெருவில் பிறந்து பேரப் பேச்சையே தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த கொற்றன் நக்கன் எழுதிய ஓலை, மேகம் இறங்கி இளைப்பாறும் வெண்குடுமி மலைநாட்டை ஆளும் கோளரிப் பேரரையர் திருமுன் வணங்கி நிற்க. தங்கள் மலையில் மழை தவறாதிருக்க; தங்கள் தேனடைகள் கனத்துத் தொங்குக. தங்கள் தம்பியார், இளவரசர் விடங்கர், நலமாயிருக்கிறார். மூன்று வேளையும் நன்றாக உண்கிறார். இதை முதலிலேயே எழுதிவிடுவதற்குக் காரணம், இனி வருவதில் அவரைப் பற்றி நல்லதாய் எழுத வேறொன்றும் இல்லாமையே.

எங்கள் கோமான் மகளார் மானவல்லியாரைத் தம்பியாருக்குக் கேட்டுத் தாங்கள் வரிசைத் தட்டுகள் அனுப்பியதும், எங்கள் துறைமுக வழக்கப்படி மாப்பிள்ளையை இங்கே தங்கவைத்ததும் தாங்கள் அறிந்தவையே. பெண் வீட்டில் பழுதாய்க் கிடக்கும் பொருள் ஒன்றை மாப்பிள்ளை தம் கையால் சீர்செய்து தரவேண்டும்; அதன் பின்னரே வெற்றிலை மாற்றுவோம். கதவுக் கீலோ, துடுப்போ, எதுவானாலும் சரி. சரியாக வராவிட்டாலும் நாங்கள் பொருட்படுத்துவதில்லை. வராதபோது மனிதர் என்ன பேசுகிறார் என்பதையே கவனிப்போம். இந்தப் பின்பாதியை மாப்பிள்ளைகளிடம் சொல்லும் வழக்கம் இல்லை.

விடங்கருக்கு வாய்த்தது மானவல்லியாரின் கணிப்பொறி. அது அரண்மனைக்கென்று ஆயத்தமாய் வந்திறங்கிய பெட்டியன்று. தாய்ப்பலகை ஒரு கடையிலும், விசிறி ஒரு கடையிலும், வட்டுகள் இன்னொரு கடையிலுமாக நங்கையாரே பேரம் பேசி வாங்கித் தம் கையால் பூட்டியது. அவர் வருகிறார் என்றால் இன்றும் கடைக்காரர்கள் பாதிக் கதவைச் சாத்திக்கொள்வர். அப்பொறியின் பெரிய வட்டில், கழிமுகத்துப் பாறைகள் எங்கெங்கே நீருக்கடியில் பல்லைக் காட்டுகின்றன என்று மாலுமிகளைக் கேட்டுக் கேட்டு அவர் வரைந்த படம் இருந்தது. சிறிய வட்டில் இருந்த இயங்குதளந்தான் நோய்ப்பட்டு, அடிக்கடி உறைந்து நின்றது. அதை மட்டும் துடைத்துவிட்டுப் புதிதாய் நிறுவவேண்டும். அதற்கான பென் டிரைவையும் நங்கையாரே ஆயத்தம் செய்து கொடுத்து, பெரிய வட்டைத் தொடவேண்டா என்று தெளிவாய்ச் சொல்லியும் சென்றார்.

விடங்கர் பெட்டியை மூன்று புறமும் சுற்றிவந்து, எந்த நாட்டு முத்திரை இதில் என்று தேடினார். முத்திரை இல்லை. சந்தையில் பொறுக்கிய சில்லறைகளைச் சேர்த்துவைத்தால் இப்படித்தான் ஆகும் என்று அங்கிருந்த சேடி நல்லாளிடம் திருவாய் மலர்ந்தார். பின்னர்த் தங்கள் மலைநாட்டு முறை அவருக்கு நினைவு வந்தது. புதுவீட்டில் பால் காய்ச்சுமுன் பழைய பானை ஓடு ஒன்றுகூட மிஞ்சாமல் வெளியேற்றிக் கழுவிவிடுவது தங்கள் குல வழக்கமாமே! புது இயங்குதளம் குடிபுகும் வீட்டையும் அப்படியே கழுவிவிடத் துணிந்து, இரண்டு வட்டுகளையும் தேர்ந்தெடுத்தார்.

நல்லாள் தடுத்திருக்கிறாள். ஓலைக்கு ஒவ்வாத மொழியாயினும் அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "ஐயா, அந்தப் பெரிசத் தொடாதீங்கன்னு அம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே!" அதற்கு விடங்கர், உங்கள் அம்மாவுக்குப் பொறியைப் பூட்டத் தெரியும், ஆளத் தெரியாது என்றார். உள்ளிருப்பவை அனைத்தும் அழிந்துபோகும், தொடரலாமா என்று திரை கேட்டது. பார்த்தாயா, பொறிகூட என்னிடம் உத்தரவு கேட்டுத்தான் நடக்கிறது என்று பெருமிதத்தோடு 'ஆம்' என்பதை அழுத்தினார். பேரரையரே, எச்சரிக்கையை வணக்கமென்று எண்ணி மகிழும் ஒருவரை இவ்வமைச்சன் தன் வாழ்நாளில் அன்றுதான் கேள்விப்பட்டான்.

புது இயங்குதளம் எழுந்தது. உரிமையாளர் பெயர் என்ன என்று அது கேட்க, விடங்கர் தம் விருதுப் பெயர்கள் அத்தனையையும் அடித்தார். இவ்வளவு நீளம் செல்லாது என்று பொறி மறுக்க, மரியாதை தெரியாத பொறி என்று வைதுவிட்டு, மனமில்லாமல் ஒவ்வொன்றாய் வெட்டிக் குறைத்தார். கடவுச்சொல்லும் தமதே. பொறிக்குரிய நங்கைக்கு அவர் ஒதுக்கியது விருந்தினர் கணக்கு. அதில் நுழைபவர் பார்க்கலாம். எதையும் மாற்ற இயலாது. அணைத்ததும் அவர் வந்துபோன சுவடே இராது. நாளைக்கு எல்லாம் என் பெயரில்தானே இருக்கப்போகிறது என்று அதற்கும் ஒரு நியாயம் சொன்னாராம்.

எழுத்துகள் பூசணிக்காய் பருமனில் தோன்றின. இணையம் எட்டிப் பார்க்கவில்லை. உள்ளிருக்கும் உறுப்புகளை இயக்கும் டிரைவர் நிரல்களை நிறுவினால் தீரும் குறை அது. எந்த உறுப்பு எதுவென்று பொறியைப் பூட்டியவரைக் கேட்டால் போதும். விடங்கரோ, கடற்காற்று கம்பியை அரித்துவிட்டது என்றார். சந்தைச் சரக்கு என்றார். முடிவில் நல்லாளின் நிழல் திரையில் விழுந்ததே காரணம் என்றார்.

மறுநாள் அவையில் கோமான், பாறைப் படம் எங்கே என்று வினவினார். தாம் தொடுமுன்னரே அது அழுகிக் கிடந்தது என்று விடங்கர் வாளைத் தொட்டு ஆணையிட்டார். அவர் சொல்லி முடித்ததும் மானவல்லியார் எழுந்தார். பிறகு, படத்தின் நகல் ஒன்று கலங்கரை விளக்கத்துப் பொறியில் பத்திரமாய் உள்ளதென்றும், தெரியாமல் அழித்துவிட்டேன் என்று ஒரு சொல் வந்திருந்தால் அன்றே வெற்றிலை மாற்றியிருக்கலாமென்றும் கூறி, அழித்தது போகட்டும், கடவுச்சொல்லையாவது தருக என்று கேட்டார்.

தாலி கட்டிய பிறகு சொல்வதாக விடை தந்தார் தங்கள் தம்பியார்.

அவை சிரித்த சிரிப்பில் தூணில் அமர்ந்திருந்த புறாக்கள் பறந்தன. "அடடா, பொண்ணுக்குப் பூட்டுப் போட வந்த மாப்பிள்ளடா!" என்று படகோட்டிகள் நின்ற பக்கமிருந்து ஒரு குரல் எழுந்தது. யாரென்று விசாரிக்குமாறு கோமான் ஆணையிடவில்லை. நங்கையார் பொறியை அவைக்கே கொணரச் செய்து, பென் டிரைவைச் செருகி, இயங்குதளத்தை மீண்டும் முதலிலிருந்து நிறுவினார். உரிமையாளர் பெயரென்று திரை கேட்ட இடத்தில் தம் பெயரை அடித்தார். விடங்கர் அரும்பாடுபட்டு வெட்டிச் சுருக்கிய பெயர் போன இடம் தெரியவில்லை.

ஆதலின் இந்த மணப்பேச்சு இத்துடன் முறிந்தது. தம்பியாரோடு தாங்கள் அனுப்பிய தட்டுகளும் பழுதின்றித் திரும்பி வருகின்றன. தட்டுகளில் வந்த தேன் குடங்கள் மட்டும் வெறுமையாய் இருக்கும். அவற்றைத் தம்பியாரே காலை உணவோடு தீர்த்துவிட்டார். நம் இரு நாட்டு வாணிகத்துக்கு இதனால் ஊறு ஒன்றும் இல்லை. தங்கள் மிளகு நல்ல மிளகு.

விடங்கர் இனியும் எங்கள் துறைக்கு வர விரும்பின் தடையில்லை என்பது கோமான் ஆணை. மானவல்லியாருக்கு அவர் மனமுவந்து அளித்த அதே நிலை அவருக்கும் இந்நாட்டில் அளிக்கப்படுகிறது. வரலாம், பார்க்கலாம், எதையும் மாற்ற இயலாது, போனபின் வந்த சுவடு இராது.

சங்கும் நங்கூரமும் பதித்த அரக்கு முத்திரை இட்டோம். வாசிக்கும்போது தம்பியாரை அருகில் இருத்திக்கொள்க. இவ்வாறு செய்க.