கூடப் போனவர் போட்ட ஓட்டு

கருவேப்பிலங்குறிச்சி
3.4.2024

சாவியோ அப்பாவுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். மகள் வீட்டில் எல்லோரும் நலம். ஆன் மேரி வேளை தவறாமல் என் கண்ணுக்கு மருந்து விடுகிறாள். நீங்கள் கடைச் சோற்றில் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

போனில் பேசினால் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நாலு வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்து எனக்கே தெரிகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று ஆள்மேல் ஆள் அனுப்புகிறீர்கள். கண்புரை ஆபரேஷன் முடிந்து கட்டோடு படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்து உங்கள் சிநேகிதர் சுப்புராயனிடம் சொன்னீர்களே, "இவளுக்குக் கண்ணு தெரிஞ்சிட்டா எனக்கு ஒரு ஓட்டு போச்சுப்பா. போன எலெக்‌ஷன்ல கூடப் போயி நாந்தான் அமுக்குனேன். அவ சொன்னது ஒண்ணு, நான் போட்டது ஒண்ணு" என்று. இரண்டு பேரும் சிரித்தீர்கள்.

செராமிக் கம்பெனியில் என்னோடு பொம்மைக்கு வண்ணம் பூசிய அமுதவள்ளி, தூசுக்கு மாஸ்க்கும் பெண்களுக்குக் கக்கூஸும் கேட்டு அந்தத் தேர்தலில் சுயேச்சையாக நின்றாள். "உனக்குத்தாண்டி போட்டேன்" என்று மூன்று வருஷமாக அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டீர்கள்.

பத்தொன்பதாம் தேதி ஓட்டு. என் வாக்காளர் அட்டையை அனுப்புங்கள்.

உபகாரமேரி

விருத்தாசலம்
8.4.2024

அன்புள்ள மேரிக்கு,

ஒரு பட்டனுக்காக எவளாவது வீட்டை விட்டுப் போவாளா? சூளையில் எல்லோரும் என்னைக் கேலி செய்கிறார்கள். அமுதவள்ளி எப்படியும் ஜெயித்திருக்கமாட்டாள். வீணாகப் போகிற ஓட்டை நல்ல இடத்தில் போட்டேன், அவ்வளவுதான்.

அட்டை பீரோவில் இருக்கிறது. வந்து எடுத்துக்கொள். நான் வைக்கிற ரசத்தை என்னாலேயே குடிக்க முடியவில்லை.

இஞ்ஞாசி

கருவேப்பிலங்குறிச்சி
11.4.2024

சாவியோ அப்பாவுக்கு,

வீணாகப் போனாலும் அது என் ஓட்டு.

போன தேர்தல் அன்று பூத்தில் அதிகாரி ஒரு தாளை வாசித்து உங்களிடம் கையெழுத்து வாங்கினார். "இந்தம்மா ஓட்டு ரகசியம், வெளிய சொல்லக் கூடாது" என்றார். எனக்குக் கண்தான் மங்கல், காது நன்றாகவே கேட்டது. உங்கள் கையைப் பிடித்துத்தான் அத்தனை நாளும் ரோட்டைத் தாண்டினேன். அந்தக் கைதான் இப்படிச் செய்தது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அட்டை வராவிட்டாலும் ஆதாரை எடுத்துக்கொண்டு வருவேன்.

உபகாரமேரி

விருத்தாசலம்
15.4.2024

அன்புள்ள மேரிக்கு,

அட்டையை இதோடு வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நேற்று அமுதவள்ளி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். "எங்கிட்ட ஏண்ணே சொல்றீங்க? அவகிட்டப் போயி சொல்லுங்க" என்று கதவைச் சாத்தினாள். செய்தது தப்புதான். மன்னித்துவிடு.

ஒன்று செய்கிறேன். இந்தத் தடவை நீ எந்தச் சின்னம் சொல்கிறாயோ அதற்கே என் ஓட்டையும் போடுகிறேன். ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடும். எதற்குப் போட வேண்டும் என்று ஒரு வரி எழுது.

இஞ்ஞாசி

கருவேப்பிலங்குறிச்சி
20.4.2024

அன்புள்ள சாவியோ அப்பாவுக்கு,

நீங்கள் கேட்ட ஒரு வரியை நான் எழுதவில்லை. உங்கள் ஓட்டை நான் வாங்கிக்கொண்டால், நீங்கள் செய்ததை நானும் செய்த மாதிரி ஆகிவிடும்.

நேற்று ஆம்பிளைகள் வரிசையில் உங்களைப் பார்த்தேன். இளைத்துப் போயிருக்கிறீர்கள். வாசலில் நான் தடுமாறியதும் ஓடி வந்தீர்கள். "கூட ஆள் வரணுமாம்மா?" என்று போலீஸ்காரப் பெண் கேட்டாள். "வேணாம்மா, எனக்குத் தெரியுது" என்றேன். நீங்கள் அங்கேயே நின்றுவிட்டீர்கள். அப்போதே என் கோபம் போய்விட்டது.

உள்ளே எல்லாச் சின்னங்களையும் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். அமுக்கினேன். சின்னம் அச்சான சீட்டு கண்ணாடிக்குள் தெரிந்து, பெட்டிக்குள் விழுந்தது. அழுதுகொண்டே வெளியே வந்தேன்.

அடுத்த ஞாயிறு பூசைக்கு வருகிறேன். முடிந்ததும் வீட்டுக்கு வந்து ரசம் வைக்கிறேன். எதற்குப் போட்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள். முப்பது வருஷமாக உங்களுக்குத் தெரியாமல் என்னிடம் ஒன்றுமே இருந்ததில்லை. இது ஒன்று இருக்கட்டும்.

உங்கள்
உபகாரமேரி