நீலக் கறை

என் வீட்டுக்காரருக்கு,

அக்கா வீட்டில் இருக்கிறேன். கூப்பிட வராதீர்கள்.

கெட்டிப்படுத்திய எஃகைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிரைண்டிங் செய்ய வேண்டும், அவசரப்பட்டால் சூட்டில் நீலம் பாய்ந்து விரிசல் விடும் என்று ஃபோர்மேனான உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்? "நேரமில்ல, ஆழமா எடு" என்றீர்கள். மாட்டேன் என்றேன். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நீங்களே அந்த டையை, பிரஸ்ஸில் தகடு அடிக்கிற அச்சை, தேய்த்து, நீலக் கறையைப் பாலிஷ் போட்டு மறைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"கண்டுக்காத" என்றீர்கள். புருஷனாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த டை பிரஸ்ஸில் உடைந்து, சில்லு தெறித்து, பிரஸ் ஓட்டுகிறவளுக்கு ஒரு கண் போய்விட்டது. முதலாளி விசாரித்தபோது என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "என் சம்சாரம்தான் சார் தேய்ச்சா, கவனமில்லாம பண்ணிட்டா" என்றீர்களே! பதினோரு வருடம் அந்த கிரைண்டிங் மிஷினில் நின்றவள் நான்.

இன்று ஆஸ்பத்திரியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மேல தப்பிருக்காதுடி" என்றாள். நான் கூனிக் குறுகிப்போனேன்.

நாளை பத்து மணிக்கு முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன், நான் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்து. ஒன்பதரைக்கே நீங்கள் போய்ச் சொல்லிவிட்டால், எனக்குப் புருஷன் என்று ஒருவர் மிஞ்சுவார்.

இப்போதைக்கு,
உங்கள் மனைவி