ஜிம்மிக்கும் பரிசலில் இடம் உண்டு

என் அன்பான ஏனுங்க,

முப்பத்தைந்து வருஷம் உங்களை அப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்தில் மட்டும் பெயர் சொல்லவா போகிறேன்? முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இன்று நான் பரிசல் ஏறினேன். நம்புங்கள், நானேதான். நம் ஜிம்மியையும் ஏற்றிக்கொண்டு.

நீங்கள் போன இந்த மூன்று மாதமாக, ஞாயிற்றுக்கிழமை காலையானால், நீங்கள் பரிசலில் கூட்டிப்போன பழக்கத்தில், ஜிம்மி தனியாகப் போய்க் கொடுமுடிப் படித்துறையில் உட்கார்ந்துகொள்கிறது. பரிசல் போகும், வரும். உங்களைக் காணாமல் வெயில் ஏறியபின் வீடு திரும்பும். நாய் எப்படிக் கிழமை பார்க்கிறது?

போன வாரம் கோயமுத்தூரிலிருந்து பெரியவன் பேசினான். "தொண்டாமுத்தூர்ல ஃப்ரெண்டு தோட்டத்துல யானை வருதாம்மா. காவலுக்கு நாய் கேக்கறான். ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டு வாரேன். ஜிம்மிய அங்க உட்டுப்போட்டு நீ என்கூட வந்துரு."

"அது ஆத்தப் பாக்காம இருக்காது கண்ணு."

"நாய்க்குப் பரிசல் சவாரி ஒரு கேடா?"

எனக்கு வந்ததே கோபம். ஆறு வருஷம் காவிரி நடுவில் காற்று வாங்கிய நாயைத் தென்னைமரத்தில் கட்டி, யானைக்கு முன்னால் குரைக்க விடுவார்களாம்! இன்று அவன் வருவதற்குள் வீட்டைப் பூட்டினேன். ஜிம்மியோடு ஆற்றுக்கு நடந்தேன்.

பரிசல்காரர் புது ஆள். "நாய ஏத்த மாட்டனுங்க. நடு ஆத்துல எந்திரிச்சு ஆட்டுச்சுன்னா எல்லாருக்கும் ஆபத்து" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

"ஒரே எடத்துல உக்காந்தா ஏத்துவீங்களா?" என்றேன்.

"ஏய், உக்காரு! உக்காரு!" என்று அவர் அதட்டிப் பார்த்தார். ஜிம்மி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அப்படியே நின்றது. நீங்கள் பழக்கிய லட்சணம் எனக்கல்லவா தெரியும்? "ஜிம்மி, உக்காருங்க" என்றேன். பொத்தென்று உட்கார்ந்தது.

"மரியாத குடுத்தாத்தானுங்களா!" என்று சிரித்துவிட்டு, எனக்கு ஒரு லைஃப் ஜாக்கெட்டை மாட்டி இருவரையும் ஏற்றிக்கொண்டார்.

நடு ஆற்றில் பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. ஜிம்மி அசையவில்லை. நான்தான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். வாரா வாரம் "நீயும் வா அம்மணி" என்று கூப்பிட்டீர்கள். வேலை இருக்கிறது என்றே சொல்லிவந்தேன். வேலை ஒன்றும் இல்லை, தண்ணீரைக் கண்டால் பயம். அது உங்களுக்குத் தெரிந்துதான் இருந்ததா?

அந்நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"ஊடு பூட்டிக் கெடக்குது. எங்கம்மா இருக்கற?"

"நடு ஆத்துல."

"வெளையாடாதம்மா. நாய் எங்க?"

"என் பக்கத்துல. வண்டியத் திருப்பிக்க கண்ணு. ஜிம்மியும் வராது, நானும் வரல. சாவி பக்கத்து ஊட்டுல இருக்குது. சோறு ஆக்கி வெச்சிருக்கறேன், சாப்பிட்டுப்போட்டுப் போ."

அக்கரை வந்ததும் ஜிம்மி டீக்கடைக்கு ஓடியது. நீங்கள் உட்காரும் பெஞ்சை மோந்து பார்த்தது. கடையை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு என் காலடியில் வந்து படுத்தது. "இனி அவங்க வரமாட்டாங்க" என்று அதனிடம் சொன்னேன். மூன்று மாதத்தில் இதை நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். சொல்லிவிட்டு, டீக்கடைக்காரர் பார்க்கப் பார்க்க அழுதேன்.

ஜிம்மியை யாருக்கும் கொடுக்கமாட்டேன். ஊரைவிட்டும் போகமாட்டேன். பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மனமில்லை. ஞாயிறுதோறும் அந்தப் பயத்தோடேயே ஏறுவேன், இது சத்தியம்.

உங்கள் சம்சாரம்,
சரசு