மொட்டைக் கழுத்தும் பின்சுவர்க் கதவும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன், உன் அப்பா என்னைவிட நன்றாக இருக்கிறார், கோழிகள் எங்கள் இரண்டு பேரையும்விட நன்றாக இருக்கின்றன. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கிச் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் இந்த அம்மா எதற்குப் பேனாவைத் தூக்கினாள் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உன் அப்பா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துகிறார், நீயோ பிடிக்காத பேச்சு வந்தவுடன் அம்மா சரியா கேக்கல, அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது, ராசா. கடைசி வரை படி.

உன் அப்பா ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் என் சமையலறைக்குள் வந்து மூடி எங்கே, கரண்டி ஏன் இங்கே என்று டிக்கெட் பரிசோதனை நடத்தியது உனக்குத் தெரியும். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் பின்வீட்டு உன் அத்தை பின்சுவர்க் கதவு வழியாக நாலைந்து பெட்டைக் கோழிகளைக் கொண்டுவந்து விட்டாள். அந்தத் தகரக் கதவுதான், நீ அங்கே ஒரு தடவை சாப்பிட்டுவிட்டு இங்கே வந்து ஒன்றும் சாப்பிடாதவன்போல மறுபடி தட்டைத் தூக்குவாயே, அதே கதவு. கொடுக்கும்போதே அவள் தம்பிக்குப் பாடம் எடுத்தாள். காலையில கொஞ்சமா போடு, மிச்சத்தை அதுங்களே கிளறித் தேடிக்கட்டும், சாயங்காலம் அடையற நேரத்துல தானியம் போட்டுட்டுக் கழுத்துக்குக் கீழ இரைப்பையைத் தொட்டுப் பாரு, நிறைஞ்சிருந்தா போதும், பாவம்னு அள்ளிப் போட்டியோ கொழுத்துப்போய் முட்டையை நிறுத்திடும், தண்ணியை நிழல்ல வை, கிண்ணத்தைத் தினமும் தேய்ச்சுக் கழுவு, கூண்டுக்கடியில ஈரம் சேரவே கூடாது என்றாள். காலமெல்லாம் கோழி வளர்த்த கை அது. உன் அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தார். அந்தக் கூட்டத்தில் கழுத்தில் ஒரு இறகுகூட இல்லாத ஒரு மொட்டைக் கழுத்து இருந்தது, பார்க்கவே சகிக்காது, அதற்கு மகாராணி என்று பெயர் வைத்து மடியில் உட்காரவைத்துக் கையால் ஊட்டினார். எனக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை மேசைமேல இருக்கு என்று சொல்கிற மனுஷன்.

அதற்குள் நீயும் போன் வழியாக வந்து சேர்ந்தாய். உனக்கும் கோழிக்கும் இருக்கிற உறவு தட்டோடு சரி, இருந்தாலும் எங்கிருந்தோ ஒரு வீடியோவைப் பிடித்து அப்பாவுக்கு அனுப்பி, முட்டை ஓட்டைக் கோழிக்கே போடுங்கப்பா, அவ்வளவும் கால்சியம் என்று எழுதினாய். போடலாம்தான், உன் அத்தையும் போடுகிறாள். ஆனால் வெயிலில் காயவைத்து, சட்டியில் வறுத்து, இது ஒரு காலத்தில் முட்டையாக இருந்தது என்று கோழிக்கே தெரியாதபடி பொடித்துப் போடுவாள். உன் அப்பாவோ நான் உடைத்த ஓட்டைப் பாதி பாதியாக, உள்ளே வெள்ளைக்கரு ஒட்டிக்கொண்டிருக்கும்போதே எடுத்துக்கொண்டு போய் மகாராணி முன்னால் வைத்தார். பொடிச்சுப் போடுங்க என்றேன். பையன் அவ்வளவு தூரத்துலேருந்து அக்கறையா அனுப்பியிருக்கான், உனக்கு எல்லாத்துலயும் குறை என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன், வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்ப்பதில் எனக்கு நல்ல பழக்கம்.

கொஞ்ச நாளில் கூட்டில் முட்டை குறைய ஆரம்பித்தது. வேலை பார்த்த காலமெல்லாம் டிக்கெட் இல்லாதவனைத் தேடியே பழகிய கண் அல்லவா, உடனே விசாரணை ஆரம்பமாகிவிட்டது. முதலில் கீரி, அப்புறம் பூனை, அதன்பின் பால்காரர். பால்காரரின் பையை எட்டிப் பார்த்ததில் அவர் எங்கள் வீட்டுப் பாலை வாசலில் வைத்துவிட்டு ஓடியே போகிறார். கடைசியில் ஒருநாள் என்னிடம் மெதுவாக, பின்கதவு வழியா வந்துபோறது ஒரே ஒரு ஆள்தான் என்றார். அவர் சொன்னதோடு நிற்கவில்லை, கடைக்குப் போய்ப் பெரிய பூட்டாக வாங்கிவந்து அந்தக் கதவில் மாட்டினார். சொந்த அக்கா வரும் கதவில் பூட்டு. அது போதாதென்று உன்னிடமும் போனில் சொல்லியிருக்கிறார், நீயும் பெரிய நகைச்சுவை என்று அத்தையைக் கூப்பிட்டு, என்ன அத்தே, ஆம்லெட் எப்படி இருந்துச்சு என்று கேட்டுச் சிரித்திருக்கிறாய். நான் டைபாய்டில் படுத்துக் கிடந்தபோது உன்னை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டே சமைத்தவளிடம் கேட்கிற கேள்வியா அது?

அவள் சண்டைக்கு வந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். தெருமுனை வரை கேட்கிற தொண்டை அது, ஒரு வார்த்தை வரவில்லை. சில நாள் கழித்து அவள் வீட்டுப் பின்பக்கம் செங்கல் வந்து இறங்கியது, மணல் வந்தது, கொத்தனார் வந்து கதவுக்குக் குறுக்கே நூல் கட்டினார். நான் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து என்ன அண்ணி இது என்றேன். என் முகத்தைப் பார்க்காமல், உன் வீட்டுக்காரன் எதுக்குப் பூட்டு வாங்கிச் சிரமப்படணும், நானே மொத்தமா அடைச்சுடறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்த வீட்டில் நல்லதோ கெட்டதோ எனக்கு வந்து நிற்கிற ஒரே ஆள் அவள்தான். அக்காகிட்டப் போய்ப் பேசுங்க என்று உன் அப்பாவிடம் கெஞ்சினேன். திருடன் யாருன்னு தெரியட்டும், அப்புறம் பேசறேன் என்று விறைத்துக்கொண்டார். ஆனால் செங்கல் அடுக்கைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நாலு தடவை பின்பக்கம் போய் வந்தார்.

மறுநாள் கொத்தனார் கலவை போட ஆரம்பித்ததும் உன் அப்பாவுக்கு ஒரு யோசனை உதித்தது. ஒரு முட்டையில் சின்ன ஓட்டை போட்டு, கருவை ஊதி வெளியே எடுத்து, உள்ளே மிளகாய்ப்பொடியைக் குழைத்து அடைத்துக் கூட்டில் வைத்தார். திருடினவங்க சாப்பிட்டா இருமல் காட்டிக்கொடுத்துடும் என்று சொல்லிச் சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அறுபதைத் தாண்டிய மனுஷன், சொந்த அக்கா இருமுகிறாளா என்று சுவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இந்தப் பக்கம்தான் டொக் டொக் என்று கேட்டது. மகாராணி கூட்டில் ஏறி முட்டையை உடைத்து, மிளகாய்ப்பொடியை ஒரு துளி விடாமல் தின்று, அலகை அவர் காலிலேயே துடைத்துவிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தது. கோழிக்குக் காரம் உறைக்காது. உன் அப்பாவுக்குத்தான் உறைத்தது, திகைத்துப்போய் மிளகாய்க் கையாலேயே இரண்டு கண்ணையும் தேய்த்துவிட்டார்.

ஐயோ என்று கத்திக்கொண்டு கோழியை அக்குளில் இடுக்கியபடி கதவுக்கு ஓடினார். பூட்டுத் துவாரம் கண்ணுக்குத் தெரியவில்லை, நான்தான் சாவியைப் பிடுங்கித் திறந்தேன். அந்தப் பக்கம் கொத்தனார் முதல் வரிசை செங்கல் வைத்துவிட்டிருந்தார், அதில் தடுக்கி, கோழியோடு அத்தை முன்னால் போய் நின்று, அக்கா, இதுதான்க்கா திருடி என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாகக் கொட்டுகிறது. மிளகாய்தான்க்கா, வேற ஒண்ணுமில்ல என்று வேறு திரும்பத் திரும்பச் சொல்கிறார். அது மிளகாயா அழுகையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அவளும் கேட்கவில்லை. தலையைப் பிடித்துக் குனியவைத்துச் சின்னப் பிள்ளைக்குக் கழுவுவதுபோல முகத்தைக் கழுவிவிட்டாள். கழுவி முடித்ததும் தொண்டை திறந்தது பார், தெருவே நின்று கேட்டது. முட்டை ஓட்டைப் பொடிக்காம அப்படியே போட்டியாடா, நீயே ருசி காட்டிட்டு ஊரைத் திருடன்னுவியா, முட்டை போட்ட உடனே எடுக்கணும், கூட்டுக்குள்ள இருட்டா இருக்கணும், மரக்கட்டையில ஒரு பொய் முட்டை செஞ்சு கூட்டுல வை, கொத்திக் கொத்தி அதுவே அலுத்துப்போகும், அரிசியாவே கொட்டாம புழு பூச்சி திங்க வெளியே விடு, கிளிஞ்சலை இடிச்சுப் போடு என்று மூச்சு விடாமல் திட்டினாள். பிறகு கொத்தனாரைத் திரும்பிப் பார்த்து, அந்தச் செங்கல்லை எடுத்து இவன் கோழிக்கு இருட்டா கூடு கட்டிக் குடுங்க என்றாள். சுவர் அடைக்க வந்தவன் கோழிக்கூடு கட்டிவிட்டுப் போகிறேன், வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று கொத்தனார் நொந்துகொண்டார். இப்போது மகாராணி ஒழுங்காக முட்டை வைக்கிறது, பூட்டு என் தகர டப்பாவில் கிடக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டிருப்பாய். முழுக்கச் சரியாகவில்லை. முன்பெல்லாம் உன் போன் மணி அடித்தால் உன் முகத்தைப் பார்க்கக் கை ஈரத்தோடு கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவருவாள், நினைவிருக்கிறதா? நேற்று நீ கூப்பிட்டபோது அவள் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். திரையில் உன் முகம் வந்ததும், எனக்கு வேலை கிடக்கு என்று சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். நீ அதைக் கவனிக்கவும் இல்லை, கோழி எப்படியிருக்கு என்று கேட்டாய். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, இப்போது எழுதும்போதும் வருகிறது. அவளைக் கூப்பிடு. வீடியோ அனுப்பாதே, சிரிக்கிற மஞ்சள் பொம்மை அனுப்பாதே, சிரிக்காதே, நடுவில் சரியா கேக்கல என்று சொல்லாதே. அவள் திட்டி முடிக்கிற வரை காதைக் கொடு, முடித்த பிறகு நீ பேசு.

மருமகளுக்கு என் அன்பு, அவளும் நீயும் நிறைவாக, நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, ஆனால் இந்த ஒரு விஷயத்துக்குத் திறந்து வை. உன் அப்பாவுக்காவது கண்ணில் மிளகாய்ப்பொடி விழுந்தது, அதைச் சாக்காக வைத்து அக்கா முன்னால் அழுதுவிட்டு வந்துவிட்டார். உனக்கு அந்தச் சாக்கும் கிடையாது, சும்மாதான் அழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பாவையும் அவர் கோழிகளையும் சேர்த்து மேய்க்கும்
அம்மா