மேற்கு முகட்டு இலைகள்

செப்டம்பர் 3

அன்புள்ள மலையாட்டுக்கு,

நலமா? முட்டிவலி எப்படி இருக்கிறது? இங்கே வாசல் கதவை இன்னும் சரியாகச் சாத்த முடியவில்லை. தச்சர் நாளை, நாளை என்கிறார்.

ஒரே குழப்பமாக இருக்கிறது. நீங்கள் அனுப்பிய இலைகளில் கிழக்கு முகட்டு நீலப்பூச் செடியும் மேற்கு முகட்டுச் செடியும் மரபணுவில் அச்சு அசலாக ஒன்றுபோல் வருகின்றன. நடுவே உள்ள பள்ளத்தாக்கு பனியுகத்தில் முழுக்கப் பனிப்பாறை என்றுதானே நினைத்திருக்கிறோம்? அத்தனை காலம் பிரிந்து கிடந்தவை எப்படி ஒன்றாகும்? திரும்பத் திரும்பப் பார்த்துத் தலை சுற்றுகிறது. பொட்டலங்கள் மாறிவிட்டனவோ? மேற்கு முகட்டுக்கு ஏறினீர்கள்தானே?

உங்கள் சிடுமூஞ்சி

செப்டம்பர் 12

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

ஏறினேன் தாயே. வழிகாட்டி முன்னால், நான் பின்னால், என் முட்டி எனக்கும் பின்னால். உச்சியில் பறித்ததை உச்சியிலேயே பொட்டலம் கட்டினேன். ஏன் ஒன்றாக வருகிறது என்று எனக்கும் புரியவில்லை. செடியைத்தான் கேட்க வேண்டும். கதவுக்கு அடியில் ஒரு அட்டையை மடித்து வை.

உன் மலையாடு

அக்டோபர் 6

அன்புள்ள மலையாட்டுக்கு,

புரிந்துவிட்டது! பள்ளத்தாக்குச் சேற்றைத் தோண்டியவர்களுக்குப் பனியுகத்து மகரந்தம் கிடைத்திருக்கிறது. நம் செடியுடையதேதான். அங்கே பனிப்பாறையே இல்லை. மேலே குளிர் தாங்காமல் இரண்டு முகட்டுச் செடிகளும் கீழே இறங்கி, கலந்து வளர்ந்திருக்கின்றன. வெயில் வந்த பிறகுதான் ஆளுக்கொரு முகடாக ஏறியிருக்கின்றன. எனக்குக் குதிக்கலாம் போல இருக்கிறது.

ஆனால் அந்தக் கடிதத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து ஏன் ஒரு வரிகூட இல்லை? உடம்புக்கு ஏதாவதா? எப்போது வீட்டுக்கு வருகிறீர்கள்?

உங்கள் சிடுமூஞ்சி

அக்டோபர் 15

அன்புள்ள உனக்கு,

சந்தோஷம். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

போன மாதம் வழிகாட்டிக்கு ஒரு கடிதம் வந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. "என்னன்னு பாத்துச் சொல்லுங்க சார்" என்று என்னிடம்தான் நீட்டினார். உறையில் உன் கையெழுத்தைப் பார்த்து, அவர் நலம் விசாரித்திருக்கிறாய் என்று சந்தோஷமாகச் சத்தம் போட்டு வாசித்தேன். "என் கணவர் நிஜமாகவே மேற்கு முகட்டுக்கு ஏறினாரா? நான் கேட்டதை அவரிடம் சொல்ல வேண்டாம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் பாத்தேனே சார். ஏறினாருன்னு எழுதிடுங்க" என்றார். அதை நான் எப்படி எழுதுவேன்?

கோபமா என்று கேட்டால், தெரியவில்லை. எப்போது வருவேன் என்பதும் தெரியவில்லை. வேலை நிற்காது. இனி ஒவ்வொரு பொட்டலத்திலும் அவருடைய கைநாட்டு இருக்கும். இந்தக் கடிதத்திலும் வாங்கியிருக்கிறேன், கீழே பார்.