ஐந்தாவது நிறைவெண்

ரஜப் 4

பிடித்துவிட்டேன்! ஹலப் நகரில் இதுவரை யாரும் தொடாத எண்: 20,96,128.

மனைவி நதா கேட்டாள்: “அதுல என்னங்க அப்படி ஒசத்தி?”

“ஆறை எடு. அதை மீதியில்லாம வகுக்குற சின்ன எண்கள் ஒண்ணு, ரெண்டு, மூணு. கூட்டினா மறுபடி ஆறு. அதான் நிறைவெண். அப்புறம் 28, 496, 8128. அதோட எல்லாரும் நின்னுட்டாங்க. நான் நிக்கல.”

வழி பழையதுதான். ஒன்றிலிருந்து இரட்டித்துக்கொண்டே போய்க் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை எதுவும் வகுக்காவிட்டால், கடைசி இரட்டிப்பால் பெருக்கினால் நிறைவெண். எனக்கு 2047 வந்தது. பத்தொன்பது வரை வகுத்துப் பார்த்தேன், மசியவில்லை. போதாதா?

ரஜப் 9, வெள்ளி

மானம் போயிற்று.

அஸர் தொழுகைக்குப் பின் கணக்கர்கள் கூடினோம். தூசிப் பலகையில் விரலால் என் எண்ணை எழுதி நிமிர்ந்தேன். இப்னு ஸாபூனி — என்னோடு ஒரே ஆசானிடம் படித்தவன், அன்றிலிருந்தே எனக்குப் போட்டி — இளித்தான்.

“ஏன் ஓய், 2047ஐ இருபத்து மூணால வகுத்துப் பாத்தீரா?”

வகுத்தேன். எண்பத்தொன்பது. மீதியில்லை.

“கணக்கு முடிஞ்சா பலகையத் தொடச்சிரணும்ல?” என்று சொல்லித் தன் சட்டைக் கையால் என் எண்ணைத் துடைத்தான். சபையே சிரித்தது.

ரஜப் 10

சாப்பிடவில்லை.

ரஜப் 13

நதா அத்திப்பழத் தட்டை நங்கென்று வைத்தாள். “அந்த ஆளு பலகையத்தானே தொடச்சான், உங்க மூளையவா தொடச்சான்? எந்திரிங்க.”

ரஜப் 21

அடுத்த கூட்டுத்தொகை 4095. ஐந்தில் முடிகிறது, வீண். அதற்கடுத்தது 8191. இந்த முறை எண்பத்தொன்பது வரை ஒன்று விடாமல் வகுப்பேன். 91ஐ 91ஆல் பெருக்கினாலே 8191ஐத் தாண்டிவிடும், அதற்குமேல் தேவையில்லை.

இருபத்து மூன்று: மீதி மூன்று. போடா ஸாபூனி!

ஷஃபான் 1

எதுவும் வகுக்கவில்லை. 8191 பெருக்கல் 4096.

3,35,50,336.

மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சத்து ஐம்பதாயிரத்து முன்னூற்று முப்பத்தாறு. சொன்னாலே வாய் நிறைகிறது. பத்தாயிரங்களிலும் ஒரு நிறைவெண் கட்டாயம் இருக்கும் என்று ஆசான் சொல்லிக்கொடுத்தார். இல்லை. லட்சங்களிலும் இல்லை. இது தன்னந்தனியாக அங்கே நிற்கிறது, நான்தான் போய்ப் பார்த்தேன். பெருமையாக இருக்கிறது. ஏன் மறைக்க வேண்டும்?

“இப்பவாச்சும் தாடிய வாருங்க,” என்றாள் நதா. அவள் கண் கலங்கியிருந்தது.

ஷஃபான் 7, வெள்ளி

எண்ணைச் சொல்லிவிட்டுப் பலகையை இப்னு ஸாபூனி பக்கம் தள்ளினேன். “நீரே சோதியும்.”

8191ஐ மூன்றால் வகுக்கத் தொடங்கினான். எழுதுவான், துடைப்பான், அடுத்ததை எழுதுவான். இருபத்து மூன்று வந்தபோது என்னை ஓரக்கண்ணால் பார்த்தான். நான் வாரிய தாடியைத் தடவிக்கொண்டேன். எண்பத்தொன்பதில் மீதி மூன்று.

கடைசியாக ஒருமுறை துடைத்தான். பலகை முழுக்கத் தூசியைப் பரப்பி, 3,35,50,336 என்று பெரிதாக எழுதினான். கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

“யாருப்பா அங்க? காத்து வருது, கதவச் சாத்துங்க. எண்ணு கலைஞ்சிரப் போவுது.”